யோகம்மாவின் சாய்வும் உபகுழுவின் வரைவிலக்கணமும்

இந்தக் காலத்துச் சனம் எதிலாவது சாயாமல் வாய் திறக்காது. பஸ்சுக்கு நிற்பவன் லைட் கம்பத்தில் சாய்கிறான். கடைக்காரன் மேசையில் சாய்ந்துகொண்டு சீனி இல்லை என்கிறான். கோயில் ஐயர்கூடத் தூணில் சாய்ந்தபடிதான் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற பெடியங்கள், இறங்கின கையோடு அந்த மோட்டார் சைக்கிளிலேயே சாய்ந்து போனைப் பார்க்கிறார்கள். அப்படி எந்த வயலை உழுதுவிட்டு வந்தார்களோ தெரியாது. நேரே நின்று, முகத்தைப் பார்த்து, ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் சொல்ல ஆளில்லை.

தீவுப் பக்கத்து நாரந்தனை வல்லிபுரத்தாரின் முறைப்பாடு இது. எழுபத்தாறு வயதிலும் அவர் எதிலும் சாய்வதில்லை. அவர் சாய்ந்தால் அவருக்குப் பின்னால் இருக்கிறவள் விழுந்துவிடுவாள்.

அவருடைய மனைவி யோகம்மாவுக்கு இருதய வருத்தம். படுத்தால் மூச்சு முட்டும். முதலில் இரண்டு தலையணை போதுமாக இருந்தது, பிறகு மூன்று. கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கல் வைத்துப் பார்த்தார்கள்; விடியப் பார்த்தால் அவள் சறுக்கிப்போய்க் கால்மாட்டில் மூட்டையாகக் கிடந்தாள். சாய்மனைக் கதிரையில் இருத்தினால் கால் இரண்டும் வீங்கிப் பொம்மின. கதிரை ஒன்றைக் கட்டிலில் கவிழ்த்து அதன்மேல் தலையணை வைத்தார்கள், முதுகுத்தோல் உரிந்தது. கடைசியில் வல்லிபுரத்தார் தானே கட்டிலில் ஏறி, மறுபக்கம் பார்த்துக் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். அவள் அவருடைய முதுகில் சாய்ந்தாள். மூச்சு வந்தது.

ஒன்றரை வருஷமாக அப்படித்தான் காலம் போகிறது. அவருக்குத் தோட்டத்திலோ கடைத்தெருவிலோ அலுவல் இருந்தால் பக்கத்து வளவுச் சிவரூபி வந்து முதுகு கொடுப்பாள். அவளும் பனைச் சங்கத்தில் வேலை செய்கிறவள். எந்த நேரமும் வந்திருக்க ஏலாது.

தலைமாட்டை உயர்த்தக்கூடிய கட்டில் ஒன்று எடுங்கள் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். வாங்குவதென்றால் வளவை விற்க வேண்டும். ஊர்காவற்றுறையில் ஆறுதல் உபகரணச் சபை என்று ஒன்று இருக்கிறது, அங்கே அப்படிப்பட்ட கட்டில்கள் கிடக்கின்றன என்று சிவரூபிதான் சொன்னாள்.

"சும்மா குடுப்பாங்களோ?"

"சும்மாதான் அண்ணை. குடுக்கிறதுக்குத்தானே கிடக்குது."

"கிடக்கிறதெல்லாம் குடுக்கிறதுக்கெண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, ஆனாலும் சேட்டையும் வேட்டியையும் மாற்றிக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

கட்டில்கள் உண்மையாகவே கிடந்தன. பதினொன்று. சபையின் விறாந்தையில், பொலித்தீன் உறை கழற்றாமல், வரிசையாக. ஒன்றில் மட்டும் உறை கழன்றிருந்தது. அதில் அலுவலக உதவியாளர் தலைமாட்டைத் தனக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைச் செமிக்க விட்டுக்கொண்டு கிடந்தார். அவருடைய மூச்சு எவ்வளவு இலேசாகப் போய் வருகிறது என்று வல்லிபுரத்தார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

உள்ளே சசிகரன் என்ற இளம் உத்தியோகத்தன் சுழல் கதிரையில் பின்னால் சாய்ந்தபடியே படிவத்தை நீட்டினான். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'படுத்திருப்பவர்' என்றால் கட்டில். 'அமர்ந்திருப்பவர்' என்றால் சில்லுக் கதிரை.

"எதிலை ஐயா சரி போட?"

"ரண்டிலையும் இல்லைத் தம்பி. மனிசி சாய்ஞ்சிருக்கிறா."

"அப்பிடியொரு கட்டம் இல்லை. படுத்திருப்பவர் எண்டதிலை கீறிவிடுங்கோவன். அடுத்த கிழமை கட்டில் லான்ட்மாஸ்டரிலை வந்து இறங்கும்."

"அவ படுக்கிறேல்லை."

"எனக்கு விளங்குது ஐயா. ஆனா படுத்திருக்கிறவைக்குத்தான் கட்டில்."

"படுத்தா மூச்சு நிண்டிடும். மூச்சு நிண்டாப் பேந்தென்னத்துக்குக் கட்டில்?"

சசிகரன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒரு கீறல் தானே ஐயா. நான் காணேல்லை."

வேறு ஆளாக இருந்தால் கீறியிருப்பார். வல்லிபுரத்தாருக்கோ கடதாசியோடு பழைய பகை ஒன்று உண்டு. சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடி அகதியாக இருந்த காலத்தில், நிவாரண அட்டை எழுதின யாரோ ஒருவர் அவசரத்தில் 'தனி ஆள்' என்று எழுதிவிட்டார். பக்கத்தில் யோகம்மா நின்றாள். அட்டையில் அவள் இல்லை. எட்டு மாதம் ஒருவருடைய அரிசியை இரண்டு பேர் சாப்பிட்டார்கள். எழுதின கடதாசி மாறாது, ஆள்தான் கடதாசிக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்பது அன்று அவர் படித்த படிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அது நன்றாக ஞாபகம் இருந்தது. யோகம்மா படுத்துவிட்டாள் என்று ஒரு கடதாசி எங்கேயும் கிடக்க அவர் விடமாட்டார்.

பேனையை வாங்கினார். இரண்டு கட்டத்துக்கும் கீழே கோணல்மாணலாக மூன்றாவது கட்டம் ஒன்றைக் கீறினார். நாலாம் வகுப்பு எழுத்தில் 'சாய்ஞ்சிருக்கிறா' என்று எழுதி, சரி போட்டார்.

சசிகரன் நிமிர்ந்து இருந்தான். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் ஒருவர் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா! உதிலை கட்டம் கீற உங்களுக்கு அதிகாரமில்லை. எனக்கும் இல்லை. கொழும்புக்கும் இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

"கீறியாச்சு" என்றார் வல்லிபுரத்தார்.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கட்டிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'தங்களால் பாவிக்கப்பட்ட சாய்ந்திருத்தல் எனும் சொல்லின் பொருளும் பாவனையும் இதுவரை சபையால் தீர்மானிக்கப்படாமையால், அதனை நிர்ணயம் செய்யவென எழுவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டுள்ளது' என்றும், சாட்சியமளிக்க வருமாறும் இருந்தது. சிவரூபி வாசித்து முடித்தாள்.

"அவைக்குச் சாயத் தெரியாதாமோ?" என்று யோகம்மா கேட்டாள். அவரோடு கதைக்கும்போது அவள் சுவரைப் பார்த்துத்தான் கதைப்பாள். அவர் யன்னலைப் பார்த்துத்தான் கேட்பார். முதுகும் முதுகுமாக இருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை.

"தெரியுமாம். என்னெண்டுதான் தெரியாதாம்."

உபகுழு மேல்மாடியில் கூடியிருந்தது. வடை, வாழைப்பழம், தேத்தண்ணீர். ஏழு பேருக்கும் பின்னால் உயரமான முதுகு வைத்த கதிரைகள். வல்லிபுரத்தாருக்கு முதுகில்லாத வாங்குப் பலகை. தலைவர் அரியநாயகம் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகும் ஓயாதவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சபை ஆரம்பித்து ஆறு வருடங்கள். இந்த ஆறு வருடங்களில் ஒரு கட்டிலாவது பிழையான ஆளுக்குப் போனதில்லை என்பதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்."

"சரியான ஆளுக்கு எத்தினை போனது?" என்று வல்லிபுரத்தார் கேட்டார்.

"அது வேறு கோப்பு. இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை." தலைவர் பின்னால் சாய்ந்துகொண்டார். "சாய்வைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. முப்பத்தொரு வருட சேவையில் நான் எடுத்த தீர்மானங்கள் எல்லாம் சாய்ந்திருந்து எடுத்தவை. நிமிர்ந்திருந்து எடுத்த ஒன்றாவது எனக்கு ஞாபகமில்லை. அப்படிப்பட்ட ஒரு சொல்லை யாரோ ஒருவர் பேனையால் கட்டம் கீறி உள்ளே கொண்டுவந்தால், நாளைக்கு ஒருவர் குந்தியிருக்கிறேன் என்று எழுதுவார். இன்னொருவர் தொங்கிக்கொண்டு நிற்கிறேன் என்பார். சபை எங்கே போய் நிற்கும்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சொல் ஆலோசகராக வந்திருந்த பிரியதர்சினி ஒரு தடித்த கோப்பைத் திறந்தாள்.

"பொழுது சாய்தல், பனை சாய்தல், தராசு சாய்தல், ஒரு பக்கம் சாய்ந்து கதைத்தல். இப்படி நாற்பத்திரண்டு பாவனைகள் சேர்த்திருக்கிறம். ஐயா, உங்கடை மனைவியின் சாய்வு இதிலை எத்தனையாவது?"

"பிள்ளை, மனிசி பொழுதில்லை. பனையுமில்லை. அவவுக்கு மூச்சு விடவேணும்."

"அது சரி. எதிலை சாயிறா?"

"என்ரை முதுகிலை."

ஏழு பேனைகளும் நின்றன. தலைவர் கேட்டார்: "முதுகென்றால்? தலையணைக்கு அப்பிடி ஏதும் பெயரோ?"

வல்லிபுரத்தார் எழும்பித் திரும்பி நின்று காட்டினார். உபகுழு உறுப்பினர் ஒருவர் மேசையைச் சுற்றி வந்து, முதுகை விரலால் இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "இருக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் அது பதியப்பட்டது. நாற்பத்துமூன்றாவது பாவனை. நேரில் பார்வையிட்ட பின்பே அதை ஏற்பது என்று தீர்மானமானது. பிறகு வடை வந்தது.

பார்வையிட நாலு பேர் வானில் வந்தார்கள். தலைவர், பிரியதர்சினி, சசிகரன், வான் சாரதி. சாரதியும் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"வாருங்கோ, இருங்கோ. எழும்ப ஏலாது, குறை நினையாதேங்கோ" என்றாள் யோகம்மா.

பிரியதர்சினி கேத்திரகணிதப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து யோகம்மாவின் இடுப்புப் பக்கம் பிடித்தாள். ஐம்பத்திரண்டு பாகை. மூச்சு இழுக்கும்போது ஐம்பது. எது சரியானது என்று நிலத்தில் குந்தியிருந்தபடி கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பிறகு தலைவர் கேட்டார்:

"அம்மா, சாயிற நேரம் என்ன உணர்வு வருகுது?"

"மூச்சு வருகுது ஐயா."

"அது விளைவு. உணர்வைக் கேட்கிறேன்."

"எழுபது வயசிலை மூச்சு வந்தாப் போதாதோ? வேறையென்ன வரவேணும்?"

"உணர்வு, இல்லை" என்று தலைவர் சொல்ல, சசிகரன் எழுதினான்.

அடுத்ததாக, சாய்தல் என்பது படுத்தலிலிருந்து வேறுபட்டது என்று நிரூபிக்க, அவள் படுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். வல்லிபுரத்தார் அசையவில்லை.

"படுக்க விடமாட்டன்."

"ஒப்பீடு இல்லாமல் வரைவிலக்கணம் எழுத ஏலாது, ஐயா" என்றாள் பிரியதர்சினி. உண்மையிலேயே கவலையோடுதான் சொன்னாள்.

"விடுங்கோப்பா" என்றாள் யோகம்மா. "பாவங்கள், வான் பிடிச்சு வந்திருக்குதுகள். நான் படுத்துக் காட்டினாக் கட்டில் வருமெண்டா ஒருக்காப் படுக்கிறன்."

படுத்தாள். பிரியதர்சினி மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து. யோகம்மாவின் கை கட்டில் சட்டத்தைத் தேடியது. பதினைந்து. உதடு நீலமாகியது. சசிகரன் "போதும், போதும் மிஸ்" என்று கத்தினான். வல்லிபுரத்தார் எப்போது பாய்ந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவளைத் தூக்கி நிமிர்த்தி, தன் முதுகைக் கொடுத்து இருந்தார்.

"பத்தொன்பது விநாடி" என்று பிரியதர்சினி எழுதினாள். "வேறுபாடு தெளிவு."

தலைவர் திருப்தியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சாய்வுக்கான ஆதாரத்தின் வகை: உயிருள்ளது. வயது: எழுபத்தாறு. வல்லிபுரத்தாரின் முதுகு அகலம் அளந்தார்கள். பராமரிப்பு எப்படி என்று கேட்டார்கள். யோகம்மாவுக்குக் கதை வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, வெறுந்தேத்தண்ணி" என்றாள். "பனங்கட்டி குடுத்தா இன்னும் கொஞ்சம் நேரா இருப்பார்."

அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

வான் சத்தம் மறைந்தது. பிறகு அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்து, யோகம்மா சொன்னாள்:

"இஞ்சருங்கோ. அண்டைக்கு நீங்கள் கீறியிருக்கலாம்."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கோவமில்லை. ஆனாக் கீறியிருக்கலாம்."

அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மூச்சு அவருடைய முதுகெலும்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முந்தியைவிடக் கட்டையாக.

மூன்று மாதம் கழித்து விழா வைத்தார்கள். 'சாய்தல்: பொருளும் பாவனையும்' என்ற புத்தகத்தின் வெளியீடு. வல்லிபுரத்தாருக்குத் தங்கக்கரை போட்ட அழைப்பிதழ் வந்தது. இதற்குள் யோகம்மா கதைப்பதைக் குறைத்திருந்தாள். ஒரு வசனத்தை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல முடிந்தது. சிவரூபி அரைநாள் லீவு போட்டு வந்து கட்டிலில் ஏறினாள். "அண்ணை, நாலு மணிக்குப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேணும். அதுக்கு மிஞ்சி என்னாலை ஏலாது" என்றாள். அவர் தலையாட்டினார். போகும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டுதான் போனார். விழா முடிந்ததும் சசிகரனிடம் அந்தப் படிவத்தை வாங்கி, படுத்திருப்பவர் என்று கீறிவிடுவது. கடதாசி என்ன செய்தாலும் செய்யட்டும்.

மண்டபத்தில் மேடை உயரமில்லாமல் பதிவாக இருந்ததாம். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று பதினொரு கட்டில்களையும் நெருக்கிப் போட்டு, மேலே பலகை அடித்து, சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்துக்குக் கீழே சில்லுகள் தெரிந்தன. தலைவர் நடந்தபோது மேடை மெல்ல ஏறி இறங்கியது.

"இது ஒரு வரலாற்று நாள்" என்றார் அரியநாயகம். "கட்டில் கொடுப்பது எந்தச் சபைக்கும் ஏலும். கட்டிலைக் கொடுத்தால் ஒருவர் பாவிப்பார், பிறகு அது துருப்பிடிக்கும். ஆனால் வரைவிலக்கணம் துருப்பிடிக்காது. அதனால்தான் நாங்கள் கட்டிலை வைத்துக்கொண்டு வரைவிலக்கணத்தைக் கொடுக்கிறோம்."

கைதட்டினார்கள். பிரியதர்சினி ஒலிவாங்கியின் முன்னால் வந்து வாசித்தாள்.

"சாய்தல் எனப்படுவது, அமர்தலுக்கும் படுத்தலுக்கும் இடைப்பட்ட நிலையில், ஆளொருவர் தமது முதுகுப்புறத்தைப் பிறிதோர் ஆதாரத்திடம், அவ்வாதாரத்தின் சம்மதத்துடனோ சம்மதமின்றியோ, ஒப்படைத்தலாகும்."

மறுபடி கைதட்டல். வல்லிபுரத்தாரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு கதிரையில் இருத்தினார்கள். வழமைபோல அவர் சாயாமல் இருந்தார். பிறகு தலைவர் முடிவை வாசித்தார்.

"மேற்படி வரைவிலக்கணத்தின்படி, நாரந்தனை யோகம்மா வல்லிபுரம் சாய்ந்திருப்பவர் என்பதைச் சபை ஐயமற ஏற்கிறது. சாய்ந்திருப்பவருக்குத் தேவை ஆதாரம். ஆதாரம் வீட்டிலேயே உள்ளதையும், நல்ல நிலையில் இயங்குவதையும் உபகுழு நேரில் கண்டது. எனவே விண்ணப்பம் நிறைவேறியதாகக் கொள்ளப்படுகிறது. ஆதாரத்துக்குப் பதிவிலக்கம் வழங்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படும்."

சசிகரன் வந்து, பொன்னாடைக்கு மேலே இலக்கம் அடித்த மஞ்சள் ஒட்டி ஒன்றை ஒட்டினான். அலுவலக அலுமாரிகளில் ஒட்டுகிற அதே ஒட்டி. கமரா மினுங்கியது.

"நான் செத்துப்போனா?" என்று வல்லிபுரத்தார் கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தபடியால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. அதற்கும் ஏற்பாடு உண்டு. ஆதாரம் பழுதடைந்தால் பதினான்கு நாட்களுக்குள் ஆதாரமே நேரில் வந்து அறிவிக்க வேண்டும்."

நன்றியுரை தொடங்கும் நேரம் வல்லிபுரத்தார் இறங்கிப்போய்ச் சசிகரனை வாசலில் பிடித்தார்.

"தம்பி, அந்தப் படிவத்தைத் தாரும். நான் கீறுறன்."

"எதிலை ஐயா?"

"படுத்திருப்பவர் எண்டதிலை."

சசிகரன் நிலத்தைப் பார்த்தான். "அண்டைக்குச் சொன்னனான்."

"ஓம். அண்டைக்கு நான் கேக்கேல்லை. இப்பத் தாரும்."

"இப்ப ஏலாது ஐயா. அவ சாய்ந்திருப்பவரெண்டு புத்தகமே அடிச்சாச்சு. இனி மாத்தி எழுதினா அது பொய்த் தகவல். ரண்டு பேரும் உள்ளுக்குப் போகவேண்டி வரும்."

"அப்ப உண்மை சொன்னாலும் குடுக்கமாட்டியள். பொய் சொன்னாலும் குடுக்கமாட்டியள்."

"பொய் சொல்லியிருந்தாக் குடுத்திருப்பம் ஐயா. நேரத்துக்குச் சொல்லியிருக்கவேணும்." அவனுக்கும் அது சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "மனசை விடாதேங்கோ. உங்களாலைதான் இந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் வந்தது. நாளைக்கு இன்னொருத்தருக்கு உதவும்."

"ஆருக்கு?"

"சாயிற ஆருக்கும்."

"சாய முதுகு இருந்தாக் கட்டில் இல்லை எண்டுறியள். முதுகு இல்லாதவை உயிரோடை உங்கடை வாசல் வரைக்கும் வரமாட்டினம். அப்ப ஆருக்கு எண்டு கேக்கிறன்."

உள்ளே மேடை கிறீச்சிட்டது. யாரோ தலைவரின் சேவையைப் பற்றித் தழுதழுத்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்.

வல்லிபுரத்தார் பொன்னாடையைக் கழற்றி, ஒட்டியும் தானுமாக, வாசலில் கிடந்த வெறும் கதிரையில் போட்டார்.

"ஐயா, அதைக் கொண்டு போகவேணும். பரிசோதனைக்கு வரேக்கை கேப்பினம்!"

மூன்றேகால் பஸ் போய்விட்டது. அவர் நடக்கத் தொடங்கினார். விளக்கம் வந்துவிட்டதாம், புத்தகமும் அடித்தாகிவிட்டதாம். பத்தொன்பது விநாடிக்குள் நீலமாகிப்போன அந்த உதட்டைக் கண்டபிறகும் சாய்வு என்றால் என்னவென்று இவர்களுக்கு விளங்கியிருக்கும் என்று அவர் நம்பவில்லை. பின்னால் இரண்டு தரம் கூப்பிட்டுக் கேட்டது. திரும்பவில்லை. நாலு மணிக்கு முன்னம் வீட்டில் ஒரு முதுகு இருக்க வேண்டும்.